ஜாங்கோவின் இரண்டு விரல்கள்

ஜாங்கோ ரைன்ஹார்டைப் பற்றி எழுதும் எவரும் 1928இல் நடந்த தீ விபத்தைத் தொடாமல் நகர்வதில்லை. பாரிஸின் விளிம்பில் நின்றிருந்த வண்டிவீடு, விற்பதற்காக மனைவி செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்கள், ஒரு மெழுகுவர்த்தி. 18 வயதில் அவருடைய இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் வெந்து மடங்கிப்போயின. மிச்சமிருந்த விரல்களோடு கிதாரைப் புதிதாகக் கற்று, ஐரோப்பாவிலிருந்து கிளம்பிய முதல் பெரிய ஜாஸ் கலைஞர் ஆனார். இந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கதை எப்போதோ பாடத்திட்டமாகிவிட்டது. அந்தப் பாடத்திட்டத்தைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

இன்று ஒஸ்லோவிலோ டொரண்டோவிலோ மெல்பர்னிலோ ஜிப்சி ஜாஸ் கிதார் கற்க ஆசைப்படும் ஒருவர் கையில் சீக்கிரமே வந்து சேர்வது ஆர்பெஜியோ விரலமைப்புகளின் தொகுப்பு. ஒரு கார்டில் இருக்கும் சுரங்களைச் சேர்த்து அடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தால் அது ஆர்பெஜியோ. ஜாங்கோவின் தனி வாசிப்பு ஸ்கேலைவிட கார்டைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. அடியில் கார்டு மாறும்போது மேலே ஓடும் மெட்டும் உடனே நிறம் மாறும். ஆகவே இந்த கார்டுக்கு இந்தத் தந்தி, இந்த ஃப்ரெட், இந்த விரல் என்று வரைபடம் போட்டுக் கொடுப்பதில் நியாயம் உண்டு. பல வரைபடங்களின் கீழே ஒரு விதியும் இருக்கும்: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும். நான்கு விரலும் நலமாக உள்ள மனிதர்கள் இரண்டை மடக்கி வைத்துக்கொண்டு பயிற்சி செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாறு வருடங்களாக, வேலை முடிந்த இரவுகளில், நானும் அதைச் செய்துவருகிறேன். அதனால் இதைக் கேலி செய்யும் எண்ணம் எனக்கு இல்லை.

ஒரு வடிவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஜி ஷார்ப் டிமினிஷ்ட் என்று ஒரு கார்டு. ஜி ஷார்ப், பி, டி, எஃப் என்று நான்கே சுரங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே மும்மூன்று அரைச்சுரத் தூரம். பன்னிரண்டைச் சரியாக நான்காகப் பிரித்த கணக்கு இது. வழக்கமான கிதார் பாடத்தில் கை ஒரே இடத்தில் நிற்க, நான்கு விரல்களும் ஆளுக்கொரு ஃப்ரெட்டைப் பார்த்துக்கொள்ள, தந்தி தந்தியாக மேலே போவோம். இரண்டு விரல் வழி வேறு. ஆறாம் தந்தியில் 4ஆம் ஃப்ரெட், 7ஆம் ஃப்ரெட். ஐந்தாம் தந்தியில் 5, 8. நான்காவதில் 6, 9. மூன்றாவதில் 7, 10. இரண்டாவது தந்தியின் சுருதி மற்றவற்றைவிட ஒரு அரைச்சுரம் நெருக்கமாக இருப்பதால் அங்கே ஒரு ஃப்ரெட் கூடுதலாகத் தாவி 9, 12. முதல் தந்தியில் 10, 13. ஒவ்வொரு தந்தியிலும் அதே இரண்டு விரல், அதே அகலம். கை மட்டும் கழுத்தின் மீது குறுக்காக ஏறிக்கொண்டே போகிறது. தொடங்கியது நான்காம் ஃப்ரெட்டில், முடிவது பதின்மூன்றில்.

இதை மெதுவாக வாசித்துப் பார்த்தால் ஒன்று புரியும். நான்கு விரலால் ஒரே இடத்தில் நின்று வாசிக்கும்போது சுரங்கள் வரிசையாக வருகின்றன, ஆனால் எங்கும் போவதில்லை. இரண்டு விரலால் வாசிக்கும்போது கை இடம்பெயர்கிறது, அந்தப் பெயர்ச்சி காதில் விழுகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் முன் மிகச் சிறிய மூச்சு. தாவி விழுந்த சுரத்துக்கு இயல்பாகவே ஒரு அழுத்தம். விரல் வலுவாக ஊன்றுவதால் கடைசிச் சுரத்தில் நடுக்கம் கொடுக்கவும் வசதி. ஜாங்கோவின் நீண்ட ஓட்டங்களில் யாரோ மூச்சு வாங்கிப் பேசுவது போன்ற ஒன்று கேட்கும் அல்லவா, அதில் ஒரு பங்கு இந்தப் பயணத்தால் வருவது. இது என் காது சொல்வது. மறுப்பவர்கள் இரண்டு வழியிலும் வாசித்து ஒலிப்பதிவு செய்து கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் இடது கையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது இந்தப் பாடத்திட்டத்தின் பெரிய கோளாறு. மேலே சொன்ன வடிவம் ஏன் பொருந்துகிறது என்பதற்கான விடையில் பாதி வலது கையில் இருக்கிறது. இந்த மரபில் பிக்கைப் பிடித்து அடிப்பதற்கு ஒரு முறை உண்டு. கீழ்நோக்கிய அடி ஒவ்வொன்றும் தந்தியைத் தாண்டி அடுத்த தந்தியின் மேல் வந்து சாய்ந்து நிற்க வேண்டும். புதிய தந்திக்குப் போகும்போதெல்லாம் அடி கீழ்நோக்கித்தான் தொடங்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத நடன அரங்கில், அக்கார்டியனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் சத்தத்தைக் கேட்கச் செய்ய வேண்டிய தேவையிலிருந்து வந்த முறை இது. விபத்துக்கு முன்பே சிறுவன் ஜாங்கோ அக்கார்டியன்காரர்களுக்குத் துணையாகப் பாஞ்ஜோ வாசித்துப் பிழைத்தவர்.

இந்த விதியோடு டிமினிஷ்ட் வடிவத்தைச் சேர்த்துப் பாருங்கள். தந்திக்கு இரண்டு சுரம், கீழ், மேல். அடுத்த தந்தி; மறுபடியும் கீழ், மேல். ஏறினாலும் இறங்கினாலும் கணக்கு இடிப்பதில்லை. தந்திக்கு ஒரே சுரம் வரும் இடங்களில், ஏறும்போது பிக் ஏற்கெனவே அடுத்த தந்தியின் மேல் சாய்ந்து காத்திருக்கிறது. அப்படியே அழுத்தினால் போதும். அதே வடிவத்தில் இறங்க முயன்றால் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கி மேலே கொண்டுபோய்க் கீழே அடிக்க வேண்டும், வேகத்தில் உயிர் போய்விடும். அதனால் இறங்குவதற்கு வேறு விரலமைப்பு தேடுகிறார்கள். இடது கையின் வழியை வலது கை தீர்மானிக்கிறது. காயம்பட்ட விரல்கள் மட்டுமே இதைத் தீர்மானித்திருந்தால், காயம் இல்லாத அவர் தம்பி ஜோசப்போ, பின்னால் வந்த தலைமுறைகளோ இந்த வடிவங்களை அன்றே கைகழுவியிருக்கலாம்.

பின்னால் வந்தவர்களைப் பார்த்தாலே போதும். 13 வயதில் முதல் தட்டை வெளியிட்ட பிரேலி லாக்ரேனும், ஸ்டோகெலோ ரோசன்பெர்க்கும் இரண்டு விரலோடு நிற்பதில்லை. மூன்றாவது விரல் தாராளமாக வரும், தேவைப்பட்டால் சுண்டு விரலும். ஆனால் வலது கையின் விதி அப்படியே இருக்கிறது, குறுக்காக ஏறும் அந்தப் பயணமும் இருக்கிறது. எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை விடலாம் என்று உள்ளே வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் எங்களைப் போன்றவர்கள்தான் விரலை எண்ணிக்கொண்டிருக்கிறோம். என் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறேன். இருபது வருடத்துக்கு முன் ஏதோ ஒரு இயந்திரத்தின் குறையைச் சமாளிக்க யாரோ எழுதிய சுற்றுவழி, இயந்திரம் போன பிறகும் 'சரியான முறை' என்ற பெயரில் ஆவணத்தில் உட்கார்ந்திருக்கும். கேட்டால், அப்படித்தான் செய்ய வேண்டும் என்பார்கள். ஜாங்கோவுமே இரண்டு விரலோடு நின்றவர் அல்ல. கார்டு பிடிக்கும்போது மடங்கிய விரல்களை மேல் தந்திகளில் செருகிப் பயன்படுத்தினார், கட்டை விரலைக் கழுத்துக்கு மேலாகக் கொண்டுவந்து ஆறாம் தந்தியை அமுக்கினார். கிடைத்த விரலையெல்லாம் பயன்படுத்திய மனிதரின் பேரில் விரலை மடக்கச் சொல்வது வினோதமான பக்தி.

பாடநூல்களில் எனக்கு அதிகம் பயன்பட்டது மைக்கேல் ஹொரோவிட்ஸின் 'ஜிப்சி பிக்கிங்'. தலைப்பே சொல்வதுபோல் அது வலது கையிலிருந்து தொடங்குகிறது. கார்டு வாரியாக வடிவங்களைக் கொட்டும் தொகுப்புகளைவிட இது நேர்மையான தொடக்கம். வடிவத் தொகுப்புகள் ஒரு பொய் நம்பிக்கையைத் தருகின்றன. நாற்பது வரைபடங்களை மனப்பாடம் செய்தால் இசை வந்துவிடும் என்ற நம்பிக்கை. சனிக்கிழமை வகுப்பில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை என்று படித்து வந்தவர்களுக்கு, அல்லது பிள்ளைகளை அந்த வகுப்பு வாசலில் காரில் காத்திருந்து கூட்டிவந்தவர்களுக்கு, இது புதிதல்ல. தாட்டு வரிசையை யாரும் கச்சேரியில் பாடுவதில்லை. ஆனால் ஜிப்சி ஜாஸ் பழகும் கூட்டங்களில் ஆர்பெஜியோவை அடிமுதல் நுனிவரை அப்படியே ஏற்றி இறக்கி, கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்காருகிறார்கள்.

1937இல் பதிவான 'மைனர் ஸ்விங்'கைக் கேளுங்கள். ஜாங்கோவும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் சேர்ந்து உருவாக்கியது. தொடக்கத்தில் வருவதே ஏ மைனரையும் டி மைனரையும் உடைத்துப் போட்ட சின்னத் துண்டுகள்; பாடலின் முகப்பே ஆர்பெஜியோ. அதன் பிறகு தனி மெட்டு என்று ஒன்று கிடையாது, நேராகக் கற்பனைக்குள் போய்விடுகிறார்கள். 16 அளவுகள் கொண்ட சுற்று; ஏ மைனர் 6, டி மைனர் 6, இ 7 என்று மூன்று கார்டுகள் தெரிந்தால் ஏறக்குறைய போதும். அதனால்தான் உலகெங்கும் புதியவர்கள் இதில் தொடங்குகிறார்கள். இதனால்தான் இது அதிகமாகச் சீரழிவதும்.

இ 7 வரும் இடத்தைக் கவனியுங்கள். அந்த கார்டின் சுரங்கள் இ, ஜி ஷார்ப், பி, டி. அதற்கு மேல் நாம் முன்பு பார்த்த டிமினிஷ்ட் வடிவத்தை வாசித்தால் எஃப் என்ற ஓர் அந்நியச் சுரம் உள்ளே வருகிறது. அந்த ஒரு சுரம்தான் கசப்பு. அடுத்து ஏ மைனருக்குத் திரும்பும்போது எஃப் அரைச்சுரம் இறங்கி இயில் விழுகிறது, மனம் ஆறுகிறது. வடிவத்தை மட்டும் படித்தவர் நான்கு சுரத்தையும் சம எடையோடு ஓட்டிவிடுவார், எஃப் எங்கே வந்தது என்றே தெரியாது. ஏ மைனர் 6 வடிவமும் அப்படித்தான். ஏ, சி, இ, எஃப் ஷார்ப். இதையே டி 7 கார்டின் மேல் வாசித்தால் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது எல்லாம் கிடைத்துவிடுகின்றன, அடிச்சுரத்தை பாஸ் பார்த்துக்கொள்ளும். விரலுக்கு ஒரே வடிவம், காதுக்கு இரண்டு வேறு இடங்கள். வரைபடத்துக்கு இந்த வேற்றுமையைச் சொல்லத் தெரியாது.

1939இல் ஒரு ரிதம் கிதார், ஒரு பாஸ் மட்டும் துணையாக ஜாங்கோ வாசித்த 'ஐ'ல் சீ யூ இன் மை ட்ரீம்ஸ்' பதிவை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இந்தப் பாணியைப் படிக்கிற எல்லோரும் ஒருநாள் இதைச் சுரம் சுரமாகப் பிரித்தெடுக்க உட்காருவார்கள். பிரித்தால் உள்ளே நாம் படித்த வடிவங்கள் இருக்கின்றன. ஆனால் பாதியில் நின்றும், அரைச்சுரம் கீழிருந்து தொட்டுச் சுற்றியும், எதிர்பாராத தாளத்தில் தொடங்கியும் இருக்கின்றன. ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டே இருந்து, தாளத்தை மட்டும் மாற்றும் இடங்கள் உண்டு. அவசரமே இல்லை. இந்தப் பதிவை நூறு முறை கேட்டுவிட்டு விரலமைப்பைத் திறக்கிறவருக்கு அது அகராதி. கேட்காமல் திறக்கிறவருக்கு அது தொலைபேசிப் புத்தகம்.

மனூஷ் குடும்பங்களில் பிள்ளைகள் பொதுவாக ரிதம் வாசித்துத்தான் தொடங்குகிறார்கள். 'லா பொம்ப்' என்று அதற்குப் பெயர். ஜாங்கோவின் ஹாட் கிளப் குழுவில் தொடக்கத்தில் டிரம்ஸே கிடையாது. இரண்டு ரிதம் கிதார்களும் பாஸும்தான் முரசு. மாமாவோ அண்ணனோ தனி வாசிப்பு வாசிக்க, பையன் மணிக்கணக்கில் கார்டை அடித்துக்கொண்டிருப்பான். ஆர்பெஜியோ அவன் கைக்கு வருமுன் கார்டு மாறும் இடமெல்லாம் உடம்பில் ஏறியிருக்கும். வெளியார் பாடத்திட்டத்தில் இந்த வருடங்கள் ஒரு அத்தியாயமாகச் சுருங்கிவிட்டன. துணை வாசிக்க ஆள் கிடைக்காத இடத்தில் வாழ்கிறவர்களுக்குக் கைபேசிச் செயலி துணை வாசிக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அதுதான் துணை. ஆனால் செயலி ஒருபோதும் நம் தனி வாசிப்பைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை.

இங்கே இன்னொரு பேச்சு இடையில் வரும். 'பயிற்சியெல்லாம் எதற்கு, அவர்களுக்கு அது ரத்தத்தில் ஓடுகிறது' என்பது. நம்மவர்கள் இதோடு இன்னொன்றையும் சேர்ப்பார்கள்: 'ஜிப்சிகள் இந்தியாவிலிருந்து போனவர்கள், அதனால்தான் அந்த இசையில் நம் ராகம் கேட்கிறது.' முதல் பாதி சரி. ரோமானி மொழியில் இரண்டுக்கு 'துய்', ஐந்துக்கு 'பாஞ்ச்', தண்ணீருக்கு 'பானி'. மனூஷ் என்றால் மனுஷன்தான். நாம் அன்றாடம் பேசும் சொல். ஆனால் ஜாங்கோவின் கிதாரில் ராகம் தேடுவது வீண் வேலை. அவர் காதில் விழுந்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். அவர் வளர்ந்தது பாரிஸ் நடன அரங்கின் அக்கார்டியன் இசையில். இந்திய வயலினும் இந்த இசையும் உண்மையாகச் சந்தித்த ஓர் இடம் எனக்குத் தெரியும். எல். சுப்ரமணியமும் முதிய கிராப்பெல்லியும் சேர்ந்து 1980களில் 'கன்வர்சேஷன்ஸ்' என்ற தட்டைப் பதிவுசெய்தார்கள். அங்கே இரண்டு கலைஞர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆயிரம் வருட ரத்தம் பேசவில்லை.

ரத்தம் என்ற பாராட்டை நாமும் வாங்கியிருக்கிறோம். வேலையில் ஒரு சிக்கலை மூன்று நாள் தூங்காமல் அவிழ்த்துக் கொடுத்த பிறகு, 'உங்கள் ஆட்களுக்குக் கணக்கு இயல்பாகவே வரும்' என்று தோளில் தட்டிய மேலாளர்கள் எனக்கு உண்டு. அரங்கேற்றம் முடிந்த பெண்ணிடம் பள்ளித் தோழியின் அம்மா, 'உங்கள் பண்பாட்டில் ஊறியது' என்பார். எட்டு வருட சனிக்கிழமைகள் அந்த வாக்கியத்தில் காணாமல் போகும். மனூஷ் கலைஞருக்கும் இதுதான் நடக்கிறது. ரத்தம் என்று சொன்னால் அவன் உழைக்கவில்லை என்று ஆகிறது. காயம் என்று சொன்னால் விதி உழைத்தது என்று ஆகிறது. விரலமைப்பை ஒழுங்காகப் படிப்பதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்: இரண்டுமே இல்லை, யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. மூன்றாம் தந்தியிலிருந்து இரண்டாம் தந்திக்குத் தாவும் அந்த இரண்டு ஃப்ரெட் தூரத்தை ஒருவர் ஆயிரம் முறை தவறவிட்டுத்தான் கண்டுபிடித்திருக்க முடியும்.

அந்த யோசனைக்குச் சொந்தக்காரர்களைப் பிரான்ஸ் எப்படி நடத்தியது என்பதும் விரலோடு சம்பந்தப்பட்டதுதான். 1912இல் வந்த ஒரு சட்டம் 'நாடோடிகள்' ஒவ்வொருவரும் உடலளவுகளும் கைரேகையும் பதிந்த அடையாளப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்றது. அது 1969 வரை இருந்தது. போர்க்காலத்தில் இவர்களை முகாம்களில் அடைத்தார்கள். கடைசி ஆட்கள் வெளியே வந்தது 1946இல், போர் முடிந்து ஒரு வருடம் கழித்து. இதே நாடு இன்று 'ஜாஸ் மனூஷ்' என்று பெருமையோடு விழா நடத்துகிறது. ஜாங்கோ காலத்தில் அந்தப் பெயரே புழக்கத்தில் இல்லை. ஒரு சமூகத்தின் பெயர் ஓர் இசைவகையின் முத்திரையாக எப்படி மாறியது என்று சிவ் லீ 2021இல் வெளியான 'ஜாங்கோ ஜெனரேஷன்ஸ்' நூலில் விரிவாக ஆராய்கிறார். 'ஜிப்சி' என்ற சொல்லைப் பலர் இப்போது தவிர்க்கிறார்கள். பயிற்சிப் புத்தகங்களின் அட்டையில் மட்டும் அது பெரிய எழுத்தில் நிற்கிறது.

இந்தப் புத்தகங்களில் நான் கவனித்த இன்னொன்று, பெரும்பாலும் அவை 1940ஐ ஒட்டி நின்றுவிடுகின்றன. ஜாங்கோ நிற்கவில்லை. போருக்குப் பின் அவர் பீபாப்பைக் கேட்டார், மின்கிதாரை எடுத்தார். ஒலிபெருக்கி வந்துவிட்டதால் தந்தியை அவ்வளவு அழுத்தி அடிக்க வேண்டிய கட்டாயம் போயிற்று. அப்போதும் தொனியில் அந்த எடை இருக்கிறது, ஆனால் வாக்கியங்கள் நீண்டு, கோணல்மாணலாகி, கார்டைவிட்டு விலகிப் போகின்றன. விரல்கள் அதே விரல்கள்தான். 1953 ஜனவரியில் பதிவான 'அனூமான்' என்ற மெதுவான பாடலில் மெட்டைப் பெரும்பாலும் ஹூபேர் ஃபோலின் ஆல்டோ சாக்ஸஃபோன் எடுத்துக்கொள்கிறது. ஜாங்கோ இடையில் கொஞ்சம் பேசுகிறார். நான்கு மாதத்தில், 43 வயதில், இறந்துபோனார். அந்தக் கொஞ்சப் பேச்சை விரலமைப்பாக எழுதிவைத்த பாடநூல் எதுவும் என் கைக்கு வரவில்லை. இப்போது அதைத்தான் ஒலிப்பதிவை நிறுத்தி நிறுத்தி, எந்தத் தந்தியில் வாசித்திருப்பார் என்று ஊகித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் எட்டு அளவுகள் ஆகியிருக்கின்றன.